ராகி ஒழுகாத ராணுவ ட்ரெய்லர்

மர வேலையில் கஷ்டம் மரத்தால் வருவதில்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறவர்களால் வருகிறது. டாக்டர் ஊசி போடும்போது "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் போடுங்க" என்று யாரும் சொல்வதில்லை. இழைப்புளி பிடித்தவனுக்கு மட்டும் ஊரே மேஸ்திரி. உளி பிடித்துப் பிழைக்கும் நீங்களும் பட்டிருப்பீர்கள், நான் பட்டதைக் கேளுங்கள். அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. மாட்டு வண்டி செய்துகொண்டிருந்தவன், இனி லாரிக்கும் ட்ரெய்லருக்கும் பாடி கட்டுவேன் என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டேன். என்னால் முடியும் என்று நான் நம்பினேன். ஊர் நம்பவில்லை.

ஆமணக்குச் செடி

எழுதி மாட்டியதை நம்பி முதலில் வந்தவர் முனியப்பா. கெலமங்கலம் பக்கத்து விவசாயி. ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களைப் பெங்களூரில் ஏலம் விட்டபோது அவரும் அவருடைய பங்காளிகள் மூன்று பேரும் ஆளுக்கொரு சரக்கு ட்ரெய்லர் எடுத்திருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, அறுத்த ராகிக் கதிரைக் காட்டிலிருந்து களத்துக்கு ஏற்றிப் போவது திட்டம். அன்றைக்கு டிராக்டர் கிடைக்காததால் ட்ரெய்லரை மாடு கட்டி இழுத்து வந்திருந்தார். சண்டைக்குப் போன வண்டி, பாவம், மாட்டுக்குப் பின்னால் தலை குனிந்துகொண்டு வந்தது.

இரும்புச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மரம்தான் போய்விட்டது. பக்கப் பலகையை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. அடிப்பலகையின் ஒரு மூலையில் மண் சேர்ந்து ஆமணக்குச் செடி முளைத்திருந்தது. "இது நல்லா வந்துச்சுன்னா மத்த மூணும் உங்ககிட்டதான் மேஸ்திரி. இல்லன்னா எல்லாம் பெங்களூருக்குப் போயிடும்" என்றார் முனியப்பா. மூன்று ட்ரெய்லர் போனால் பரவாயில்லை. "வண்டி ஆசாரிக்கு எதுக்குடா இந்த வேலை" என்று ஊர் சொல்லிவிட்டால் கொட்டகையில் அப்புறம் வண்டிச் சக்கரம்தான். எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்துப் பட்டறைக் கொல்லர் பசப்பா ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்: "மேஸ்திரி, இதுக்குப் பலகை மாத்தணுமா, இல்ல தண்ணி ஊத்தி ஆமணக்கு வளக்கணுமா? முதல்ல அதைக் கேட்டுக்கோ."

பீடித் துண்டு

பழைய மரத்தைக் கழற்றும்போது எறியக் கூடாது என்பது என் வழக்கம். எவ்வளவு உளுத்ததாக இருந்தாலும் இருந்த வரிசையிலேயே தரையில் பரப்பி வைப்பேன். பழசுதான் எனக்கு அளவுகோல். பசப்பா துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, தட்டி, சூடு காட்டி ஒவ்வொன்றாக எடுக்க, நான் பலகைகளைத் தரையில் அடுக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். அடிப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்திருக்கிறது. எங்கள் வண்டித் தொழிலில் பலகை நடுவே வெளிச்சம் தெரிந்தால் ஆசாரிக்கு அவமானம். ஆனால் இங்கே எல்லா இடுக்கும் ஒரே அளவு. கை தவறி வந்தது அப்படி இருக்காது.

சட்டத்தைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மாட்டு வண்டியில் பலகை மழையில் ஊறி உப்பினால் பக்கவாட்டில் நகர்ந்துகொள்ள இடம் உண்டு. இதில் நாலு பக்கமும் இரும்பு. ஊறின பலகைக்கு இடுக்கு இல்லையென்றால் மேலேதான் எழும்ப வேண்டும். இதைக் கண்டுபிடித்த பெருமையில், எதிர் டீக்கடைக்கு வந்திருந்த மத்தூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆமாம் என்று சாட்சி சொல்வார் என்று நினைத்தேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "இந்த இடுக்கு எதுக்குன்னா கேக்குற? பீடித் துண்டு போடறதுக்கு. அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தரலைப்பா."

ஒரு பிடி ராகி

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வேங்கை மரம், நன்றாகக் காய்ந்தது, தேடிப் பிடித்து வாங்கி அறுத்தேன். பழைய அளவிலேயே இடுக்கு விட்டுப் பலகைகளைச் சும்மா பரப்பி வைத்திருந்தபோது முனியப்பா பார்க்க வந்தார். கூடவே அவர் சம்சாரம் லட்சுமம்மா, பங்காளிகளில் மூத்தவர் நாராயணப்பா. நான் மரத்தைப் பற்றி, மழையைப் பற்றி, இரும்பைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். லட்சுமம்மா மடியிலிருந்து ஒரு பிடி ராகியை எடுத்துப் பலகை மேல் வீசினார். குனிந்து வண்டிக்கு அடியில் சிந்திக் கிடந்ததைப் பார்த்தார். பிரசங்கம் அங்கேயே முடிந்தது.

கதிர் ஏற்றினாலே மணி உதிரும் என்பது எனக்குத் தெரியாததா என்ன. ஆனால் இடுக்கை மூடினால் பலகை எழும்பும். மூடாவிட்டால் ராகி தெருவெல்லாம் போகும். நாராயணப்பா காத்திருக்கவில்லை, இடுக்கே இல்லாமல் நெருக்கிப் போட்டுத் தருகிறவர்களிடம் போகிறேன் என்று தன் ட்ரெய்லரைப் பெங்களூருக்கு இழுத்துப் போய்விட்டார். மற்ற இரண்டு பங்காளிகளும் யார் பக்கம் சாய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லட்சுமம்மா கிளம்பும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க சொல்றது மரத்துக்கு நல்லது அண்ணா. விதைச்சவங்களுக்கு என்ன நல்லதுன்னு சொல்லுங்க."

ஓடு வேய்கிற மாதிரி

கோபம் வந்தது. அந்த அம்மா சொன்னது சரி என்பதால் கோபம் அதிகமாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசையின்போதுகூட என் கண் பீடத்தில் இல்லை, கூரை ஓட்டில்தான் இருந்தது. ஓட்டோடு ஓடு ஒட்டவில்லை. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதால் தண்ணீர் இறங்குவதில்லை. சாமி மன்னிக்கட்டும், பூசை முடிவதற்குள் எனக்கு வேலை முடிந்துவிட்டது.

ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் பாதிக் கனத்தை வெட்டி எடுத்தேன். ஒரு பலகைக்கு மேல் பாதி, அடுத்ததற்குக் கீழ் பாதி. ஒன்றின் உதட்டின் மேல் மற்றதின் உதடு படுத்துக்கொள்ளும். அதே சமயம் ஊறினால் நகர உள்ளே இடம் இருக்கும். எல்லாப் பலகைக்கும் கையாலேயே வெட்டியதில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கதிர்க்கட்டு சிக்கக் கூடாது என்று போல்ட் தலைகளை மரத்துக்குள் இறக்கிப் பதித்தோம். பசப்பா பழைய இரும்புப் பட்டைகளைத் தட்டி நிமிர்த்தி மேலே பூட்டினார். லட்சுமம்மா இந்த முறை ஒரு படி ராகியோடு வந்தார். கொட்டினார், கையால் தேய்த்தார், பலகை மேல் ஏறி மிதித்தும் பார்த்தார். அடியில் விரித்திருந்த என் துண்டில் ஒரு மணி இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம். அந்த அம்மா ராகியைத் திரும்ப அள்ளிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்: "வீட்டுல ராகி கொட்டி வெக்கிற அறைக்கும் இவரையே வரச் சொல்லுங்க. அங்க எலி இன்னும் நல்லாச் சாப்பிடுது."

காவி வேட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாள் தவறாமல் பெய்தது. முனியப்பா வீட்டு வாசலில் ட்ரெய்லர் நனைந்துகொண்டு நிற்கிறது. எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. கணக்கில் தப்பில்லை என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்கு யார் சொல்வது? மழை விட்ட ஒரு காலையில் முனியப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டி பூராவும் பழுப்புக் கறை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

வேங்கை புதுசில் நனைந்தால் சாயம் விடும் என்பது மர வேலைக்காரனுக்குத் தெரியும். முனியப்பாவுக்குத் தெரியாது. பலகை ஏதாவது தூக்கியிருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார், சொட்டியதெல்லாம் வேட்டியில். "பலகை எப்படி இருக்குங்க?" என்றேன். "பலகைக்கு என்னா, படுத்த இடத்துல படுத்துக்கினு கீது. இடுக்குக்கூட அடங்கிப் போச்சு" என்றார். அப்புறம் வேட்டியைத் தூக்கிக் காட்டினார்: "என்னைத்தான், எந்த மடத்துக்குப் போறேன்னு ஊர்ல கேக்கறாங்கோ."

எழுந்து நின்ற பலகைகள்

அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் ரோட்டில் டிராக்டர் சத்தம். பார்த்தால் நாராயணப்பா. பின்னால் அவருடைய ட்ரெய்லர். அதற்கும் பின்னால், மாடு கட்டி, மற்ற இரண்டு பங்காளிகளின் ட்ரெய்லர்களும் வரிசையாக வந்தன. பசப்பா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கே போய்விட்டார்.

நாராயணப்பாவுடையதில் மரம் நல்ல மரம்தான், இழைப்பும் சுத்தம். அவர் கேட்டபடியே ஒரு நூல் நுழையாமல் நெருக்கிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுதான் வினை. ஊறின பலகைக்குப் போக இடமில்லாமல் நடுவில் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி எழும்பி, போல்ட்டையும் கூடவே பிடுங்கிக்கொண்டு நின்றது. நான் அன்றைக்குச் செய்த பிரசங்கத்தை மறுபடி ஆரம்பிக்க வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அறுவடை தலைக்கு மேல் நிற்கும்போது ஒரு விவசாயியிடம் வாதத்தில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? போய்ப் பலகை மேல் கை வைத்தேன். நாராயணப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் போனாப் பலகையெல்லாம் எழுந்து நின்னு மரியாதை பண்ணுது மேஸ்திரி. எனக்கு அவ்ளோ மரியாதை வேணாம், உக்கார வெச்சுக் குடுங்க."

நான் தொண்டை வறளச் சொல்லியும் கேட்காதவர்கள் மழை ஒரு தடவை சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள். மழைக்குக் கூலி கிடையாது, பேர் மட்டும் எனக்கு.