நானூற்றுப் பதினோராம் பக்கம்

எனக்குப் புத்தக விஷயத்தில் கொஞ்சம் கெட்ட குணம் உண்டு. குடையைக் கேட்டால் கொட்டுகிற மழையிலும் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே ஆபீசுக்குப் போவேன். ஆனால் நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை யாராவது சும்மா கையில் எடுத்துப் புரட்டினாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும். இப்படிப்பட்ட ஒருத்தி புத்தகத்தைக் கைமாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் ஏன் போய்ச் சேர்ந்தாள் என்றால், வேறு வழியில்லை. போர்ட் பிளேரில் எனக்கு வேண்டிய தமிழ்ப் புத்தகம், மெயின்லேண்டிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு.

கூட்டம் என்றால் நான்கே பேர். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் என் வீட்டில் கூடுவோம். நான் திருநெல்வேலியிலிருந்து கிளார்க் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். பக்கத்து வீட்டுக் கான்ட்ராக்டர் மதுரைக்காரர். கொலை நடக்காத கதையைக் கதை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாமவர் பக்கத்துச் சிப்பிகாட் என்ற ஊரில் தென்னையும் பாக்கும் வைத்திருக்கும் விவசாயி. நான்காவது ஆள் ஒரு நர்ஸ். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், படிப்பதில் என்னைவிட மூன்று மடங்கு வேகம்.

எங்கள் சட்டம் எளிது. முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாது; இப்போது படித்துக்கொண்டிருப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு ஆசை வந்து கையை நீட்டினால் அந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும், பாதியில் இருந்தாலும். "முடிச்சுட்டுத் தர்றேன்" என்ற வாக்கெல்லாம் ஆறு மாதம் இழுத்ததால் வந்த சட்டம் இது. நாம் செருகிய அடையாளச் சீட்டு அப்படியே இருக்கும். புத்தகம் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடிவைப் போட்டு உடைத்தவர் அடுத்த முறை எல்லோருக்கும் சமோசா வாங்கி வர வேண்டும். கான்ட்ராக்டர் நிறைய சமோசா வாங்கியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாவல் என் கைக்கு வந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். ஒரு சின்ன ஊரில் தையல் கடை நடத்தும் மூன்று அக்கா தங்கைகளின் கதை. நடுவில் உள்ளவள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அதைப் படித்தபோது நான் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சின்னவள் மாப்பிள்ளை வீட்டாரின் சட்டையை அளவெடுக்கும் இடத்தில் ஆபீசில் வாய்விட்டுச் சிரித்து அசடு வழிந்தேன். தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னால் போச்சு, மூன்று கைகளும் நீளும். அதனால் ஒளித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக, ஏதோ கண்காட்சியில் இலவசமாகக் கிடைத்த தென்னைப் பூச்சிகள் பற்றிய கையேட்டைக் கொண்டுவந்து வைத்தேன். "இப்ப இதத்தான் படிக்கேன்" என்று மூன்று கூட்டம் ஓட்டினேன். யாரும் கை நீட்டவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது கூட்டம் நர்ஸுக்காகவே கூடியது. லாங் ஐலண்டுக்குப் போஸ்டிங் வந்திருந்தது. மறுநாள் விடிகாலையில் போட். தெரிந்தவர் யாருமில்லாத சின்னத் தீவில், குறைந்தது ஒரு வருஷம், தனியாகக் குவார்ட்டர்ஸில் இருக்க வேண்டும். அவளை அனுப்பிவைக்கிற நாளில் சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்து, கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். குருத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போகும் காண்டாமிருக வண்டை வில்லனாக்கி, அது போட்ட ஓட்டை வழியாகப் பின்னாலேயே வரும் சிவப்புக் கூன்வண்டைக் கூட்டாளியாக்கி ஒரே அமர்க்களம்.

"அரே வாஹ்! என் தோட்டத்துல இருக்கறவனுக்கு இவ்ளோ கதையா?" என்று சிப்பிகாட்காரர் கையை நீட்டினார்.

"கொலை இருக்குல்ல? அடுத்தது எனக்கு," என்றார் கான்ட்ராக்டர்.

இதற்குள் டீ போடுகிறேன் என்று நர்ஸ் எழுந்து அடுக்களைக்குப் போயிருந்தாள். "அக்கா, சீனி எங்க?" என்று குரல் வந்தது. "மேல் தட்டுல, பச்சை டப்பா," என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாவலை ஒளித்து வைத்திருந்தது அந்தப் பச்சை டப்பாவுக்குப் பின்னால்தான். டீக்குச் சீனி வேண்டும் என்பது தெரியாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் நான்கு தம்ளருடன் திரும்பி வந்தாள். ஆளுக்கொன்றாக நீட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய முறை வந்தது.

"எனக்கு இந்தத் தடவ சொல்ல ஒண்ணுமில்ல. கையில இருந்தத போன தடவயே குடுத்துட்டேன். பேக்ல யூனிஃபாரமும் அரிசியும்தான் இருக்கு. டீக் ஹை, பரவால்ல, அங்க கடல் இருக்கும்ல, பாத்துக்கிட்டு இருப்பேன்," என்று சொல்லிச் சிரித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. நாவலைப் பார்த்துவிட்டாள் என்பது அதிலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று இறங்கியது. எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் வந்தால் யாரும் யாரிடமும் பேச முடியாது; தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த அரை நிமிஷம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நான் அப்போது நின்றிருந்தது நானூற்றுப் பதினோராம் பக்கத்தில். பதினொரு வருஷம் கழித்து நடுத் தங்கை கடை வாசலில் வந்து நிற்கிறாள். மூத்தவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் தூக்குவாளா மாட்டாளா என்று தெரியாமல் என்னால் எப்படி இருக்க முடியும்? இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கம்தான். ஆனால் எதிரே ஒருத்தி, ஒரு புத்தகமும் இல்லாமல், கேட்கவும் கேட்காமல் தீவுக்குப் போகிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சத்தம் அடங்கியதும் உள்ளே போய் நாவலை எடுத்துக்கொண்டு வந்தேன். "நான் நெசமா படிச்சிட்டிருக்கது இது," என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஒன்றரை மாதமாக யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. மூத்தவளைப் போல எழுந்து நின்று கத்தரிக்கோலை ஆட்டிக் காட்டினேன். சட்டை அளவெடுக்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் சிரித்து எனக்குப் புரையேறியது. ஒளித்து வைத்துப் படித்த சந்தோஷமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"க்யா மேடம், எங்களுக்கு வண்டக் காட்டிட்டு உள்ள தனியா விருந்து சாப்பிட்டீங்களா?" என்று கான்ட்ராக்டர் கையை நீட்டினார். சிப்பிகாட்காரரும் நீட்டினார். நான் இருவரையும் தாண்டிப் போய் நர்ஸின் மடியில் வைத்தேன்.

"சீட்டு உள்ளயே இருக்கு. எடுத்துராத," என்றேன்.

"எடுக்க மாட்டேன்க்கா," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தது. லாங் ஐலண்டுக்குப் போட் ஏறினேன். நடுவில் எத்தனையோ தடவை போனில் பேசியிருந்தோம். ஒவ்வொரு தடவையும் "முடிவைச் சொல்லிராத" என்பேன், "சொல்ல மாட்டேன்க்கா" என்பாள், லைன் கட்டாகிவிடும்.

படகுத்துறைக்கு வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். குவார்ட்டர்ஸ் வாசலில் உட்காரவைத்து, புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டை ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"தெரியலக்கா. தொறந்து பாருங்க."

என் சீட்டு, அடையாளத்துக்கு நான் செருகியிருந்த ஒரு பழைய போட் டிக்கெட், வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்குப் புரியவில்லை.

"வந்த ஒரு வாரத்துல இந்த எடத்துக்கு வந்துட்டேன். அதோட நின்னுட்டேன்."

"ஏம்ளா? ரெண்டு மாசமாவா?"

"உங்களுக்குத் தெரியாதத நா மட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு உங்களோட எப்டிக்கா போன்ல பேசுறது? திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன். இப்ப மூணாவது தடவ ஓடுது. ஒவ்வொரு தடவயும் நல்லாத்தான் இருக்கு."

நான் சீனி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை, இவள் இரண்டு மாதம் கண் முன்னால் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டும் இருந்ததில்லை.

"சத்தமா படிங்க. நா மீன் அலசிக்கிட்டே கேக்குறேன்," என்றாள்.

நானூற்றுப் பதினோராம் பக்கத்தை மேலிருந்து படித்தேன். நடுத் தங்கை வாசலில் வந்து நின்றாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிக்கு வந்தபோது நர்ஸ் மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

"இருங்க, இருங்க," என்றாள். தாளின் ஓரத்தை அவளும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகத் திருப்பினோம்.