‘ரா’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ரு’

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை பிடிக்கக்கூடாது. இருபத்திரண்டு வருடம் வவுனியாவில் ஒரே அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் நான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குகிற வேலை. முழு நாளும் நின்றபடி. காலும் கடுக்கும், கண்ணும் கடுக்கும். அந்த நேரம் பார்த்து ஒருத்தி முதுகுக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டு, “செல்வநாயகம் அண்ணை, இதிலை ஒரு குத்து விழேல்லை” என்றால் எப்படி இருக்கும்? குத்தென்றால் எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி, அவ்வளவுதான்.

அந்த ஒருத்திதான் பத்மாசனி.

அவள் எங்களிடம் வேலைக்கு வந்ததே என்னைத் தலைகுனிய வைத்துத்தான். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. நெடுங்கேணிக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் புருஷனுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய குடும்பம். அந்தக் கொலனிக் கோயிலுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போனாளா? சுவரில் தொங்கிய எங்கள் அச்சகத்துக் கலண்டரை ஒரு பார்வை பார்த்தாள். “ஐயா, தேர்த் திருவிழாவிலை குத்தைக் காணேல்லை. ‘தேரத் திருவிழா’ எண்டு கிடக்கு” என்றாள். ஒன்பது மாதமாக அந்தக் கலண்டர் அங்கே தொங்குகிறது. முதலாளி பரமலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோத்தவன் நான்தானே!

அடுத்த கிழமை அவள் எங்களுக்குப் புறூவ் பார்க்க வந்துவிட்டாள். கோத்ததை ஒரு தாளில் அழுத்தி எடுத்து, பிழை தேடுவதுதான் புறூவ் பார்ப்பது. ஒரு இடத்தில் குந்தியிருந்து பார்க்கவேண்டிய வேலை. அவள் இருக்கமாட்டாள். கதிரை கொடுத்தால் அதில் குடையை வைப்பாள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் மெஷினுக்கும் இடையில் நடப்பாள். நடக்க நடக்க வாய் முணுமுணுக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கினால் இன்னும் மோசம். மணிக்கூட்டைப் பார்ப்பாள், ரோட்டைப் பார்ப்பாள், திரும்ப மணிக்கூட்டைப் பார்ப்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை, உமக்குக் காலிலை சில்லு பூட்டியிருக்கோ? ஒரு இடத்திலை நில்லும்!” என்று கத்திவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. “பள்ளிக்கூடம் விட்டிருக்கும் அண்ணை. பெடியள் எல்லாம் குளத்துக்குத்தான் ஓடுங்கள். என்ர இராசமலரும் பின்னாலை போகும். எட்டு வயது. தேப்பன் வயலுக்கை. நான் இஞ்சை.”

குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மதகை எங்கள் பக்கத்தில் துருசு என்போம். திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் சும்மா கிடப்பதுபோலத்தான் தெரியும். அடியில் இழுக்கும். யாழ்ப்பாணத்தில் கிணற்றில் அள்ளிக் குளித்த சனத்துக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கன்றுக்குட்டி துருசடியில் கால் வழுக்கி உள்ளே போனதை அவள் தன் கண்ணால் கண்டிருக்கிறாள். வாய்க்கால் பக்கம் அது வெளியே வந்தபோது உயிர் இல்லை.

“பிள்ளையிட்டைத் தண்ணி இழுக்கும் எண்டு எத்தினை தரம் சொன்னாலும் சிரிக்குது. துருசடியிலை பேய் இருக்கு, காலைப் பிடிக்கும் எண்டு சொன்னன். அண்டைக்குத் துவக்கம் அந்தப் பக்கம் போறேல்லை. அந்தப் பேயை நம்பித்தான் அண்ணை நான் இஞ்சை வந்து நிக்கிறன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நடப்பதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. குத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பதை மட்டும் விடவில்லை.

அறுபத்திரண்டில் கதிர்காமநாதன் மாஸ்டர் ஒரு கையெழுத்துப் பிரதியோடு வந்தார். இராசமலர் படிக்கிற பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். நல்ல மனுஷன், ஆனால் தான் எழுதிய எழுத்து கல்லில் வெட்டியது என்று நினைப்பு. ‘துருசடிப் பேய்’ என்று பதினாறு பக்கத்தில் சிறுவர் கதை. பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுக்கப்போகிறாராம். சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாகத்தான் எழுதியிருந்தார். துருசடியில் வெள்ளையாக ஒன்று எழும்பும், பொழுதுபட முனகும், பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒன்பதாம் பக்கம் கோக்கும்போது நட்ட நடுப் பகலில் எனக்கே மயிர் கூச்செறிந்தது. கடைசியில் ஒரு பெடியன் துணிந்து போய்ப் பார்த்தால், துருசுக் கம்பியில் சிக்கிய வெள்ளை வேட்டித் துண்டு! பேயுமில்லை, பூதமுமில்லை. அவன் தங்கையைக் குளிக்கக் கூப்பிடுவதோடு கதை முடியும்: “ஓடி வா தங்கச்சி! துருசடிக்குப் பேய் வராது!”

முதல் புறூவை வாசித்த பத்மாசனி நடையை நிறுத்திவிட்டாள். மூன்று வருடத்தில் அவள் அசையாமல் நின்றதை அன்றுதான் கண்டேன்.

மாஸ்டர் வந்ததும் நேரே அவரிடம் போனாள். “மாஸ்டர், கதை நல்லாயிருக்கு. பேய் இல்லையெண்டு சொல்லுறதும் நல்லதுதான். ஆனா, தண்ணி இழுக்கும், கிட்டப் போகாதேங்கோ எண்டு ஒரு வரி சேருங்கோ. ஒரேயொரு வரி.”

“கதை பேயைப் பற்றினது பிள்ளை, தண்ணியைப் பற்றினதில்லை.”

“வாசிக்கிறது கொலனிப் பிள்ளையள், மாஸ்டர். குளிக்க வா எண்டு நீங்கள்தானே கூப்பிடுறியள்!”

மாஸ்டரின் முகம் கறுத்தது. முதலாளியின் பக்கம் திரும்பி, “பரமலிங்கம், பிழை பாக்கிறவா பிழையை மட்டும் பாக்கட்டும்” என்றார்.

முதலாளியும், “ஓம் பத்மாசனி, அவர் எழுதினது எழுதினபடி போகட்டும். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்” என்று முடித்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? குனிந்து எழுத்துப் பொறுக்கினேன். சரியென்று பட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. குத்து விழாததற்கு மட்டும் கத்துகிற வாய்!

வெள்ளிக்கிழமை விழா. புதன்கிழமை மத்தியானம் மாஸ்டர் கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தியை மாற்றி அனுப்பினார். முழுப் பக்கத்தையும் பிரித்துத் திரும்பக் கோக்கவேண்டி வந்தது. என் பல்லுக் கடிபட்டது. அச்சகம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். வெளியே சனம், “பஸ் வருது! பஸ் வருது!” என்று இடிபடுகிறது. நான் கோத்து, புறூவ் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் நடந்தபடி வாசித்தாள். கடைசி வரியில் நின்றாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, “அண்ணை, இந்தக் கடைசி வரி மாஸ்டர் எழுதினபடிதானே?” என்று கேட்டாள்.

“எழுத்துக்கு எழுத்துப் பாத்துத்தான் கோத்தனான்! இந்த வயதிலை எனக்கு நீர் படிப்பிக்கிறீரோ? கையெழுத்தை வைச்சுத் தாரும், மெஷின் காத்து நிக்குது!”

“சரி அண்ணை. நீங்கள் சொன்னாச் சரிதான்” என்று கையெழுத்து வைத்தாள்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே சந்தோஷம், ஒரே புளுகம்.

விழாவில் நடந்ததைப் பஸ் கொண்டக்டர் யோசெப் சனிக்கிழமை வந்து சொன்னான். ஒரு பெடியன் மேடையில் கதையை வாசித்தானாம். கடைசி வரியை நெஞ்சு நிமிர்த்தி வாசித்தானாம்: “ஓடி வா தங்கச்சி! துருசடிக்குப் பேய் வருது!” கீழே இருந்த பிள்ளைகள் எல்லாம் ‘ஐயோ’ என்று குளறிச் சிரித்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, “பேய் வருது! பேய் வருது!” என்று மண்டபத்தையே தூக்கிவிட்டார்களாம். மாஸ்டர் மேடையில் மரம்போல நின்றாராம்.

‘வராது’வில் ரா போய், ரு ஏறியிருந்தது. வெளியே பஸ் வந்தது, என் கையில் பேய் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மாஸ்டர் புத்தகத்தை முதலாளியின் மேசையில் எறிந்தார். “பேயை ஒழிக்க எழுதினன், நீங்கள் அதை உயிரோடை அனுப்பிவிட்டிருக்கிறியள்! ஒரு பிள்ளையும் குளத்தடிக்குப் போகுதில்லை!”

“ஆர் இந்தப் பிழைக்குப் பொறுப்பு?” என்று முதலாளி கேட்டார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். “புறூவிலை கையெழுத்து வைச்சது அவாதான்” என்றேன்.

பத்மாசனி என்னைப் பார்க்கவேயில்லை. “ஓம் ஐயா. நான்தான் விட்டனான்” என்றாள்.

அன்றோடு அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குடையையும் சோற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். அவசரமில்லாமல் நடந்துபோனாள். அது எனக்கு என்னவோபோல இருந்தது.

பிழைதிருத்தத் துண்டு அடித்து அனுப்பும்படி மாஸ்டர் கேட்டிருந்தார். ‘வருது என்பதை வராது என்று வாசிக்கவும்.’ பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். பக்க எண்ணைச் சரிபார்க்க, கம்பியில் குத்தியிருந்த பழைய புறூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

கடைசி வரியில் ‘ரு’வைச் சுற்றிப் பென்சில் வட்டம். கரையில் ‘ரா’. இரண்டையும் அழிறப்பரால் அழித்திருந்தாள். தாள் மெலிந்து வெளிச்சம் தெரியுமட்டும் அழித்திருந்தாள். பென்சில் அழுத்திய தடம் மட்டும் போகவில்லை.

ஐயோ பாவி! அவள் பிழையைக் கண்டிருக்கிறாள். கண்டு, திருத்தி, திருத்தத்தை அழித்திருக்கிறாள். ‘விட்டனான்’ என்று அவள் சொன்னபோது எனக்கு அது விளங்கவில்லையே! குத்து விடாதவள், தன் வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு முழு எழுத்தை விட்டிருக்கிறாள்.

என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தேன். திருத்தத் துண்டு போனால் இராசமலர் அதை ஒட்டும். ஒட்டிவிட்டு வாசிக்கும்: பேய் வராது, ஓடி வா. துண்டு அனுப்பாவிட்டால் மாஸ்டர் பேனையால் திருத்துவிப்பார். மணிக்கூட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

பிறகு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று கோத்தேன். மாஸ்டர் கேட்ட வரியை அல்ல.

‘பிழைதிருத்தம்: பக்கம் 16, கடைசி வரி. பேய் என்பதைத் தண்ணீர் என்று வாசிக்கவும்.’

அப்போது அந்த ‘ஓடி வா’ குளிக்க இல்லை, தப்பி ஓட. நானே அடித்து, நானே கட்டி, யோசெப்பின் கையில் கொடுத்துவிட்டேன். புறூவ் பார்க்க அச்சகத்தில் ஆள் இல்லைத்தானே. மாஸ்டரும் வாசிக்காமல் பிள்ளைகளிடம் கொடுத்து ஒட்டச் சொல்லிவிட்டாராம். பசை காய்ந்த பிறகுதான் அவர் வாசித்தது. கட்டாயம் வந்து குதிப்பார் என்று ஒரு கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் வரவில்லை, ஒரு கடிதமும் போடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை யோசெப் ஒரு பார்சலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே இராசமலரின் புத்தகம். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். துண்டு கோணலாக ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, ‘துருசடிக்குப்’ என்ற சொல்லில் ‘ப்’பைச் சுற்றிப் பென்சில் வட்டம். கரையில் சின்ன எழுத்தில்:

‘அண்ணை, பேயை எடுத்தால் இந்தப் ‘ப்’பும் போகவேணும். தண்ணீருக்கு ‘த்’ வரும்.’

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தமுறை அவள் அழிறப்பரைத் தொடவில்லை.