கொம்பு இரண்டு

‘கொம்பு – 2.’ பறிமுதல் மகஜரில் நான் எழுதியது அவ்வளவுதான். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதினேன். மூன்று பிரதியிலும் பளிச்சென்று விழுந்தது.

எழுபதுகளின் கடைசி. காட்டு விலங்குகளைக் காக்கப் புதுச் சட்டம் வந்திருந்தது. வன அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எங்கள் ஃபாரஸ்ட் கார்டுக்கு எழுத்து அவ்வளவாக வராது. சோதனைக்குப் போனால் என்னையும் கூட்டிக்கொள்வார். அன்று லோயர் கேம்ப்புக்கு மேலே, குமுளியிலிருந்து இறங்கிய ஓர் எஸ்டேட் முதலாளியின் ஜீப்பை மறித்தார். ஏலக்காய் மூட்டைகளுக்கு அடியில் இரண்டு யானைத் தந்தங்கள். வெட்டிய அடியில் சதை இன்னும் ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கொம்பு ரெண்டுன்னு எழுதுங்க சார்” என்றார். எங்கள் பக்கம் யாரும் தந்தம் என்று சொல்வதில்லை. யானைக்கும் கொம்புதான், எருமைக்கும் கொம்புதான். எந்த மிருகம், என்ன நீளம், என்ன எடை என்று கேட்டு எழுத வேண்டியவன் நான். வெயில், பசி. எழுதவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து கோர்ட்டில், தந்தங்களைக் கட்டி சீல் வைத்த சாக்கைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு எருமைக் கொம்புகள். அதுவரை சாக்கு எங்கே இருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மகஜரிலும் கொம்பு, மேசைமேலும் கொம்பு. பொருத்தம் பிரமாதம்!

“என்னய்யா எடுத்த?” என்று கூண்டில் நின்ற கார்டைக் கேட்டுச் சிரித்தார் முதலாளியின் வக்கீல்.

“கொம்புங்கய்யா. ஆனைக் கொம்பு.”

“மகஜர்ல ஆனை எங்கன இருக்கு? காட்டு.”

கார்டு என்னைப் பார்த்தார். அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அது தந்தம்தான், எழுதாமல் விட்டது என் தப்பு என்று சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். “அவர் சொன்னதை எழுதினேன்” என்றேன். பொய் இல்லை. அதனால்தான் அதை நினைக்கும்போதெல்லாம் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சட்டத்தில் ஓட்டை என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டை போட்டவன் நான். அதன் வழியாக யானையையே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

முதலாளி விடுதலை. பொய் வழக்குப் போட்டதாகக் கார்டை சஸ்பெண்ட் செய்தார்கள். உத்தரவைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். திட்டவில்லை. “என்னையப் பொய்யன்னு எழுதிட்டாக. இதுலயாச்சும் வெவரமா எழுதியிருக்காகளா, படிங்க சார்” என்றார்.

படித்தேன். அவர் பெயர், அப்பா பெயர், ஊர், பணியில் சேர்ந்த தேதி, ஜீப் நம்பர், சட்டப்பிரிவு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.