செவிலிமேட்டில் வாங்கிய மடங்காத கத்தி

பொங்கல் முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் ஜவ்வாது மலைக்கு நடந்து போவது வழக்கம். காட்டில் இரண்டு ராத்திரி தங்கிச் சமைத்துச் சாப்பிடுவோம். போன தடவை நான் விறகு பிளக்கும்போது கத்தி பிடியிலிருந்து கழன்று பறந்து, எதிரே உட்கார்ந்திருந்த என் மச்சான் கோவிந்தனின் காலில் பாய்ந்தது. அவனை நான்கு மைல் தூளி கட்டித் தூக்கி வந்தோம். மலைப்பாதை அவனுக்கு மட்டும்தான் தெரியும். "கத்திய நான் பாக்காம இந்த வருசம் வரமாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டான். எழுதப் படிக்கக் கற்கும் நம் மாலைப் பள்ளியிலும் சிலர் மலைக்குக் கிளம்புவதால், நாங்கள் கத்தி வாங்கப் போனதை நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

வாலாஜாபாத்தில் காலை ஏழு பத்துக்கு பஸ். ஆளுக்கு ஐம்பது காசு. எப்படிப்பட்ட கத்தி கூடாது என்று காட்ட, கழன்ற பழைய அலகையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வழியில் தெரிந்த பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். "கண்டக்டருக்கு வேலையே இல்ல. நீயே கூவிக்கினு வா" என்றான் கோவிந்தன்.

எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் முதலில் மடக்குக் கத்தி காட்டினார். ஆணி தளர்ந்தால் விரலில் மடங்கும். வேண்டாம் என்றோம். அடுத்து பளபளவென்று ஒரு மடங்காத கத்தி. அலகில் அச்சு இருந்தது. ம, ணி. மணி! நானே படித்தேன். செவிலிமேட்டு மணி ஆசாரியின் கத்தி எங்கள் பக்கம் பேர் பெற்றது. விலை நாலரை ரூபாய். கடைக்காரர் ஒற்றைப் பட்டு இழையைத் தொங்கவிட்டு அந்தரத்திலேயே அறுத்துக் காட்டினார்.

"நாம இன்னா பட்டா அறுக்கப் போறோம்? இவ்ளோ மெலிசா தீட்னா முடிச்சு வெறகுல வாய் போய்டும்பா" என்றான் கோவிந்தன்.

எனக்கும் சந்தேகம் வந்தது. பிடியோரம் எதற்கு இவ்வளவு அரக்கு? உள்ளே எதை மறைக்கிறார்? ஆசாரி பட்டறை எங்கே என்று கேட்டேன். "அவரு மூடிட்டுப் போயி வருசமாச்சே பெரியவரே! மூணே முக்கால் குடுங்க" என்றார். நாங்கள் விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லை.

செவிலிமேடு இரண்டு மைல். முக்கால் மணி நேரம் நடந்தோம். உலை எரிந்துகொண்டிருந்தது, ஆசாரியும் இருந்தார். அவர் கத்தி கறுப்பாக, அழகில்லாமல் இருந்தது. ஆனால் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடியது. இருபுறமும் மரம், மூன்று ஆணி, அரக்கே இல்லை. அச்சை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. பள்ளியில் சொல்லித்தராத எழுத்து.

"இது இன்னா எழுத்து? படிக்கத் தெரியாதவன்னு ஏமாத்துறியா?" என்று கத்திவிட்டேன்.

"அதான் பாத்தேன், உன் படிப்பு பஸ் போர்டோட சரி" என்றான் கோவிந்தன்.

ஆசாரி உலைக்குப் பூச வைத்திருந்த ஈரக் களிமண்ணில் அலகை அழுத்தி எடுத்தார். மண்ணில் 'மணி' என்று இருந்தது.

"எழுத்து தெரியாம, பேரு அடிக்கிற அச்ச நேராவே வெட்டிட்டேன். அடிச்சா இடம் வலம் மாறி வுழுது. மாத்தலாம்னு பாத்தா, அதுக்குள்ள கடைத்தெருவுல எம்பேர நேரா அடிச்சி விக்கறானுங்க. இதுவே அடையாளமா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

துணியைப் பிரித்து, பழைய அலகின் துருவைச் சாம்பலால் தேய்த்தேன். மணி. நேராக, தெளிவாக. பிடிக்குள் செருகியிருந்த வால் அரை விரல் நீளம்கூட இல்லை.

கோவிந்தன் அதைப் பார்த்தான். பிறகு ஆசாரியின் கத்தியை எடுத்து ஒரு புளியங்கட்டை முன் உட்கார்ந்தான். "மாமா, எங்காலு இருந்த எடத்துல உங்காலு வை."

வைத்தேன். முப்பது வெட்டு எண்ணினேன். கண்ணை மூடவில்லை. பிடி அசையவில்லை.

விலை ஏழு ரூபாய். தோல் உறை ஒன்றரை. போகிறவர்கள் அலகின் வால் பிடி முழுக்க ஓடுகிறதா என்று பாருங்கள். பட்டு இழையை அறுத்துக் காட்டினால் நம்பாதீர்கள். 'மணி' என்று சுலபமாகப் படிக்க முடிந்தால் வாங்காதீர்கள்.

பன்னிரண்டரை பஸ்ஸில் கத்தியைக் கோவிந்தன் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். அய்யம்பேட்டை தாண்டியதும், "காணும் பொங்கலுக்கு மறுநாளு எத்தினி மணிக்குக் கெளம்பறோம்?" என்று கேட்டான்.