இன்னும் ஐந்து நிமிடம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் உஷ் அக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் "என்னடா" என்று திரும்பிப் பார்ப்பாள். வயது நாற்பத்தாறு. நகராட்சி இளைஞர் மன்றத்தில் அவளுடைய பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, அது அவளுக்கே வாயில் நுழையாது. வேலை என்னவோ இவ்வளவுதான்: சனிக்கிழமை காலையில் பத்துப் பதினோரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பம்ப் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மரங்களுக்கு நடுவே போய், அவர்களைச் சும்மா உட்கார வைப்பது.

"எல்லாரும் வேலை வாங்குறதுக்குச் சம்பளம் வாங்குவாங்க. சும்மா உட்கார வைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் என் பொண்டாட்டிதான்" என்பார் அவள் கணவர். லாரி மெக்கானிக். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

சும்மா உட்காருவது என்ன லேசுப்பட்ட காரியமா? நீங்கள் வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள். ரெண்டாவது நிமிடத்தில் கை தன்னால் போனைத் தேடும், மூன்றாவது நிமிடத்தில் முதுகு அரிக்கும். அவளுக்கு அது தெரியும். பதினான்கு வருடம் அதே நகராட்சியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், புகார்ப் பிரிவில் இருந்தவள். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று ஊர்க்குறை முழுவதையும் காதில் வாங்கி வாங்கி, ஒருநாள் மத்தியானம் காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்து, யார் கண்ணிலும் படாமல் அந்த மரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய இறகொன்றை இழுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்தபோது மனது லேசாக இருந்தது. இது நமக்குப் பதினைந்து வயதில் கிடைத்திருந்தால் என்று தோன்றியது. அப்புறம் ரெண்டு வருடம் மேலதிகாரிகளை நச்சரித்து, ஒற்றைக்காலில் நின்று அந்தச் சனிக்கிழமையை வாங்கினாள்.

ஆளுக்கொரு இடம். ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் வாராவாரம் அதே இடம்தான். போன்கள் எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். இருபது நிமிடம் பேசக் கூடாது, அசையக் கூடாது. "பூச்சி வந்தா விரட்டாதீங்க. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். நீங்க பாருங்க, அவ்வளவுதான்" என்பாள். மூன்று முறை கை தட்டினால் முடிந்தது. பிறகு கரித்துண்டோ, சேறோ, எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு பார்த்ததை வரையலாம், எழுதலாம்.

பலன் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. யாரோடும் பேசாத ஒரு பெண், தடித்த கண்ணாடிக்காரி, ஒருநாள் காகத்தின் காலைநேரக் குரலைப் பற்றி எட்டு வரி எழுதி, அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தாள். அன்று வீட்டுக்குப் போய் உஷ் அக்கா அந்த எட்டு வரியையும் கணவரிடம் மூன்று தடவை ஒப்பித்தாள். "மனப்பாடம் ஆயிடுச்சு, விட்டுடும்மா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்தத் தைரியத்தில்தான் தங்கச்சி மகளையும் கூப்பிட்டாள். பதின்மூன்று வயது. வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். மாடிப்படியை ஒவ்வொன்றாக இறங்கி யாரும் பார்த்ததில்லை. தங்கச்சி தையல் கடை வைத்திருப்பவள், அவளுக்கு இதில் நம்பிக்கையே இல்லை.

"அவ உட்கார மாட்டாக்கா. சாப்பிடும்போதே மூணு தடவை எழுந்திரிப்பா."

"என்கிட்ட விடு. ஆறே வாரம். அப்புறம் பாரு."

ஐந்து வாரம் பம்பரம் அவள் மானத்தை வாங்கினாள். தும்முவாள், சிரிப்பாள், ஓணானைத் துரத்திக்கொண்டு ஓடுவாள். ஊரார் பிள்ளையை எல்லாம் அடக்கியவளுக்குச் சொந்தப் பிள்ளை அடங்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? ஐந்தாவது வாரம் பொறுமை போய்விட்டது. எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாள்:

"உன் ஒருத்தியால பத்து பேர் கெடுறாங்க. ஒரே ஒரு தடவை சும்மா உட்கார்ந்து காட்டேன், பார்ப்போம்."

பம்பரத்தின் முகம் சுருங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பழகினாள் என்பது உஷ் அக்காவுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஆறாவது சனிக்கிழமை பம்பரம் தன் இடத்தில், விழுந்து கிடந்த பழைய மரத்தண்டில் தோளைச் சாய்த்து, பெரியம்மாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. ஓர் அசைவு இல்லை. உஷ் அக்காவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பெருமையாக இருந்தது. இருபதாவது நிமிடம் தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள், அப்படியே இறக்கிவிட்டாள். இவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் கலைக்க வேண்டும்? தன்னைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். இன்னும் ஐந்து நிமிடம்.

ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா? அந்த ஐந்து நிமிடம் யாருக்காக? அந்தப் பிள்ளைக்காக இல்லை. தங்கச்சியிடம் போய்ச் சொல்வதற்காக.

தட்டினாள். பத்துப் பேர் எழுந்தார்கள், பம்பரம் எழவில்லை. "பாருங்க, அம்மணிக்கு எழுந்திரிக்கவே மனசில்ல" என்று சிரித்துக்கொண்டே போய்த் தோளைத் தொட்டாள். பிள்ளை அந்த மரத்தண்டின் மேலேயே சரிந்தது. உதடு நீலமாக இருந்தது. கழுத்து வீங்கிக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் மூன்று கொட்டு. தண்டின் பொந்துக்குள் குளவிக்கூடு.

உஷ் அக்கா கத்தினாள். அவள் கத்தி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. அவர்கள் அப்போதும் வாயைத் திறக்காமல் நின்றார்கள். ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிடம் ஆனது.

குளவி கொட்டினால் அந்தப் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. டாக்டரும் அதையேதான் சொன்னார். விசாரணைக்கு வந்த அதிகாரி, "உங்க மேல தப்பில்லம்மா" என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணாடிக்காரி ஒருநாள் அம்மாவோடு வீட்டுக்கு வந்து, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவ கழுத்து வீங்குறது எனக்குத் தெரிஞ்சுது அக்கா. சொல்லலாம்னு நினைச்சேன். பேசக் கூடாதே. இப்ப தட்டுவீங்க, இப்ப தட்டுவீங்கன்னு உங்களையே பார்த்துட்டு இருந்தேன். நீங்க அஞ்சு விரலைக் காட்டினீங்க."

அன்றைக்குப் பிறகு அவள் மரங்கள் பக்கமே போகவில்லை. நகராட்சி அங்கே கேட் போட்டுப் பூட்டியது. அவள் தானாகக் கேட்டு, பழைய அறைக்கே, புகார்ப் பிரிவுக்கே போனாள். தங்கச்சி போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் உள்ளே விடவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள், ஆனால் மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்று போகவில்லை, வலது பக்கம் சரியாக வரவில்லை என்று அடுத்தவர் வாயால்தான் கேள்விப்பட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. கணவர் கேலி பேசுவதையே விட்டுவிட்டார்.

மூன்றாவது மாதம் தங்கச்சியே கூப்பிட்டாள். "வந்துட்டுப் போ. உன்னைத்தான் கேக்குறா." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தப்பு என்னுது, என்னைத் திட்டு, ரெண்டு அடி வேணும்னாலும் அடி. கதவைத் திறந்த தங்கச்சி முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பம்பரம் நாற்காலியில் இருந்தாள். வலது கை தலையணை மேல் கிடந்தது. யாரோ வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் கண் விரிந்தது. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"குத்துச்சு... பெரியம்மா. விரட்டல. நீங்க தட்டுற வரைக்கும்... அசையல."

உஷ் அக்கா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா... உட்கார்ந்தேனா?"

அசைஞ்சிருக்கணும் கண்ணு, எழுந்து ஓடியிருக்கணும், கத்தியிருக்கணும் என்று தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை இவ்வளவும் பட்டது எதற்கு என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால்? அவள் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள்.

"சொல்லுக்கா" என்றாள் தங்கச்சி. குரலில் கோபம்கூட இல்லை. "பேச்சு வந்த நாள்லேர்ந்து இதையேதான் கேக்குறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. உன் வாயால சொல்லணுமாம். சொல்லிட்டுப் போ."

உஷ் அக்கா அந்த வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நல்லா உட்கார்ந்தடா கண்ணு" என்றாள். "உன்னை மாதிரி யாருமே உட்கார்ந்ததில்ல."

பம்பரம் சிரித்தாள். வாயில் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.