யூனிஸ் விட்ட சொல்

திருநெல்வேலிக்காரர் வாயில், மெதுவாக என்பதற்கு 'பைய' வராமல் ஒரு பொழுது போகாது. பைய வா, பைய சாப்பிடு, பைய இறங்கு. பையச் சென்றால் வையம் தாங்கும் என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கும் யூனிஸ் மட்டும் அந்தச் சொல்லை விட்டு மூன்று வருடமாகிறது.

வலி குறைய வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே பிள்ளை பெறுகிற வசதி அங்கே உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தொட்டிக்குள் இருந்தவள் நாங்குநேரி கரோலின். பிள்ளையின் தலை வந்தது, தோள் சிக்கிக்கொண்டது. தாயை உடனே எழுப்ப வேண்டும். எழுந்து, பிள்ளையின் முகத்தில் காற்றுப் பட்டுவிட்டால் திரும்ப உட்காரவே கூடாது. பிள்ளை மூச்சோடு தண்ணீரை இழுத்துவிடும். யூனிஸுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பழகிய நாக்கு, "பைய எந்திரிம்மா, பைய" என்றது. கரோலின் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். பாதி எழுந்தவள் வலி தாங்காமல் பைய உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது.

யாரும் யூனிஸைக் குறை சொல்லவில்லை. கரோலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைத்தான் யூனிஸால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் வெறுந்தொட்டியில் ஒத்திகை. இளைய நர்ஸ் ஸ்வீட்லினைத் தொட்டிக்குள் உட்கார வைத்து, "எந்திரி!" என்று கத்துவாள்.

"மாட்டை விரட்டுத மாதிரி விரட்டுதீயளே அக்கா" என்பாள் ஸ்வீட்லின். யூனிஸ் சிரிக்க மாட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் சாத்தான்குளம் ஸமீஹா தொட்டிக்குள் இருந்தாள். கணவன் ஜீஷான் அவள் முதுகுக்குப் பின்னால். தலை வந்தது. அடுத்த வலியில் தோள் வரவில்லை. ஸ்வீட்லின் டாக்டருக்கு மணியடித்தாள்.

"எந்திரி! இப்பமே எந்திரி!"

"முடியல யூனிஸக்கா..."

"முடியும். எந்திரி!"

ஜீஷானுக்கு முகம் சிவந்தது. "வலியில கெடக்கா. இப்பிடியா அதட்டுவீய?"

"பொறவு ஏசுங்க தம்பி. இப்பம் கக்கத்துல கை குடுத்துத் தூக்குங்க."

ஸமீஹா எழுந்தாள். வலியில் திரும்ப உட்காரப் போனாள். "உக்காராதே!" என்ற சத்தத்தில் அறையே அதிர்ந்தது. ஸ்வீட்லின் அவளுடைய ஒரு காலைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்தாள். தோள் விடுபட்டது. பிள்ளை யூனிஸின் கைக்கு வந்தது, சத்தமில்லாமல்.

துண்டில் சுற்றி முதுகைத் தேய்த்தாள். அதற்குள் டாக்டரும் வந்துவிட்டார். கர்த்தரே, கர்த்தரே என்று அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒருமுறை விக்கி, வீறிட்டு அழுதது.

டாக்டர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸமீஹா தொட்டியிலிருந்து இறங்க வேண்டும். படி ஈரமாயிருந்தது. அவள் கால் வைக்கப் பயந்து நின்றாள்.

"பைய" என்றாள் யூனிஸ். "பைய வாம்மா."

ஸ்வீட்லின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் யூனிஸுக்கும் தான் சொன்னது காதில் விழுந்தது. ஸமீஹாவின் கையை விடாமலேயே, ஒன்பது நாள் மட்டும் இருந்த அந்தப் பிள்ளைக்காக நின்று அழுதாள்.