மந்தையின் பேர் சொல்லி நடந்தவள்

வெயிலுகந்தம்மாளுக்கு முதல் துரோகம் செய்தது அவளுடைய சொந்தக் கால்கள்தான். கருவேல முள் உள்ளங்காலில் ஏறி ரெண்டு நாள் இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது பக்கத்து வீட்டுக்காரி. சர்க்கரை பாதத்து நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில்.

புண் ஆறியது, நடை திரும்பவில்லை. கடம்பூர்ப் பக்கத்துக் கரிசல், பங்குனியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குனிந்து காலையே பார்த்துப் போனால் ஒன்றும் ஆகாது. ஆடு மேய்க்கிறவள் காலையா பார்ப்பாள்? அடுத்தவன் பருத்திக்குள் தலையை விட்ட ஆட்டை ஓர் அதட்டு அதட்டினால் போதும், அந்த நேரம் பார்த்துக் கால் வெடிப்பில் இறங்கிவிடும். விழுந்து விழுந்து எழுந்தாள்.

அவள் புருஷன் கருத்தப்பாண்டி கையை உதறினார். "ஆட்டை வித்துருவோம்ட்டி. உன்னத் தூக்கிட்டு அலைய என்னால ஏலாது."

"நான் நடந்து காட்டுதேன். அதுவரைக்கும் ஆட்டுல கை வைக்கப்பிடாது."

"சரி."

அந்தச் சரியை அவள் நம்பினாள். ஆயுசுக்கும் கூட வாழ்ந்த மனுஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

வாரம் ஒருநாள் அதே ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி. சத்தியபாமா என்ற பிசியோதெரபிஸ்ட் முதலில் டேப்லெட் திரையைக் கையில் கொடுத்து, மறைகிற படங்களை ஞாபகம் வைத்துத் தொடச் சொன்னாள். வெயிலுகந்தம்மாள் முகத்தைச் சுளித்தாள். "காலுக்கு வைத்தியம் கேட்டா தலைக்குப் பாக்குதியே தாயி!"

"கால் அனுப்புற சேதி சரியா வரல பெரியம்மா. அதனால மனசு முழுக்கக் கால்மேலயே இருக்கு. வேற எதையாவது நெனச்சா தடுமாறுதீங்க. ரெண்டையும் சேத்துச் செய்யப் பழகணும்."

நடந்துகொண்டே கழித்தல் கணக்குப் போடச் சொன்னாள். நடையும் நின்றது, கணக்கும் நின்றது. "சரி, தெரிஞ்ச பேரா சொல்லிட்டு நடங்க."

கரும்போரை, அது பெற்ற செம்போரை, ஒத்தக்கொம்பி, கடைசியில் சினையாடு சுட்டி என்று தாயும் குட்டியுமாக ஆட்டுப் பேர்களைச் சொல்லி நடந்தாள். முதலில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு தடுமாற்றம். போகப் போக மொத்த மந்தையும் வாயில் வந்தது. கால் அது பாட்டுக்கு நடந்தது. வீட்டிலும் முணுமுணுத்தபடியே நடப்பாள். கருத்தப்பாண்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பயிற்சி என்றாலே சலித்துக்கொள்கிறவர் ஒரு வாரம், அவள் போக வேண்டிய நாளில், அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டார். "சுட்டி இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். நான் போகல," என்றாள்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ போ." தானே பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலும் நீட்டினார். அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள், அவருக்குக் காட்ட வேண்டுமென்றே ரோட்டை விட்டு வெடிப்புக் காட்டில் இறங்கினாள். நிமிர்ந்த தலை குனியாமல், பேர்களைச் சொல்லிக்கொண்டே ஆடு அடைக்கிற கிடை வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு இடத்திலும் இடறவில்லை.

கிடைப் படல் திறந்து கிடந்தது. புழுக்கை இருந்தது, பாதி தின்ற வேப்பங்குழை இருந்தது. ஆடு ஒன்றுகூட இல்லை.

"யாவாரி காலையிலயே வண்டியோட வந்துட்டான். நீ இருந்தா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவ," என்றார் கருத்தப்பாண்டி, படலோரம் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"சுட்டி?"

"அதுவுந்தான்."

"நான் நடந்து வந்ததப் பாத்தீங்கள்லா?"

"பாத்தேன்."

"நடந்துருவேன்னு தெரிஞ்சுதான் இன்னைக்கு என்னைய அனுப்பிவிட்டீங்களா?"

அவர் திறந்து கிடந்த படலை இழுத்துச் சாத்தினார்.

அடுத்த வாரம் பயிற்சிக்கு அவரும் கூடவே வந்தார். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். "பேரைச் சொல்லுங்க பெரியம்மா," என்றாள் சத்தியபாமா, நடந்தது எதுவும் தெரியாமல்.

வெயிலுகந்தம்மாள் பெஞ்சுக்கு நேராக நடந்தாள். "கரும்போரை. செம்போரை. ஒத்தக்கொம்பி." ஒவ்வொரு பேரையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். திரும்பிப் போனாள், மறுபடியும் வந்தாள். பாதி மந்தை முடிவதற்குள் கருத்தப்பாண்டி துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவள் நிற்கவில்லை. வாசலுக்குக் கேட்கிற மாதிரி, கடைசியாகச் சுட்டியையும் சொல்லி முடித்தாள்.

"ஒரு தடுமாற்றம் இல்ல பெரியம்மா!" என்று கைதட்டினாள் சத்தியபாமா. "இனிமே நீங்க தாராளமா ஆடு மேய்க்கப் போகலாம்."